இணையத்தளமும் தரவுத்தளமும்: கல்லூரியில் கற்பது என்ன, சேரும் முன் பார்க்க வேண்டியது என்ன?

எஸ்பிஎம் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் மாணவர்களில் பலர் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் படிப்பின் பாடப் பட்டியலில் வெப் புரோகிராமிங், தரவுத்தள வடிவமைப்பு, இயங்குநிலை இணையத்தள உருவாக்கம் போன்ற பெயர்கள் இருக்கும். பெயரைப் பார்த்ததும், வண்ண வண்ணமாக அகப்பக்கம் வடிவமைக்கும் பாடம் என்று பெற்றோர் நினைத்துக்கொள்வதுண்டு. வண்ணமும் படமும் அதில் ஒரு சிறு பகுதிதான். பாடத்தின் உயிர், பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் தரவு அட்டவணைகளில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளையும் குடும்பத்தின் பணத்தையும் செலவிடப்போகும் ஒரு மாணவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு வகை இணையத்தளங்கள்

ஓர் ஆலயத்தின் இணையத்தளத்தில் தல வரலாறு, பூஜை நேரம், நிர்வாகக் குழுவினரின் படங்கள் ஆகியவை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். யார் திறந்து பார்த்தாலும் ஒரே பக்கம்தான் தெரியும். யாராவது அந்தக் கோப்பைத் திருத்தினால்தான் அது மாறும். இது நிலையான இணையத்தளம்.

ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-அக்கவுன் வேறு வகை. கோலாலம்பூரில் இருப்பவரும் சுங்கை சிப்புட்டில் இருப்பவரும் ஒரே முகவரிக்குத்தான் போகிறார்கள். ஆனால் அவரவர் சேமிப்புத் தொகைதான் அவரவருக்குத் தெரிகிறது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனிப் பக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. பக்கத்தின் அமைப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். உள்ளே நுழைந்தவர் யார் என்று பார்த்து, அவருக்குரிய விவரத்தைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, பக்கம் அப்போதைக்கப்போது உருவாக்கப்படுகிறது. இதுவே இயங்குநிலை இணையத்தளம். வங்கிக் கணக்கு, பேருந்து டிக்கெட், இணையக் கடை எல்லாம் இப்படித்தான் இயங்குகின்றன.

பாடத்தில் உள்ள மூன்று அடுக்குகள்

முதல் அடுக்கு, கைத்தொலைபேசியிலும் கணினியிலும் கண்ணுக்குத் தெரியும் பக்கம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் இங்கே கற்பிக்கப்படுகின்றன. இரண்டாம் அடுக்கு, சர்வரில் ஓடும் நிரல். இதற்குப் பிஎச்பி, பைத்தான், நோட் ஜேஎஸ் ஆகியவற்றில் ஒன்றைக் கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. மூன்றாம் அடுக்கு, தகவலைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம். மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை.

இவற்றில் மூத்தது மூன்றாம் அடுக்குதான். தகவலை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கலாம் என்ற கருத்தை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-ல் வெளியிட்டார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியை டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் முன்வைத்தார்கள். அதுவே இன்று எஸ்கியூஎல் எனப்படுகிறது. பிஎச்பி, மைஎஸ்கியூஎல், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 1995-ல்தான் வெளிவந்தன. முதல் இரண்டு அடுக்குகளில் கருவிகள் அடிக்கடி மாறுகின்றன. அட்டவணை முறை அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது. இதை நன்றாகக் கற்ற மாணவரால் புதிய கருவிகளுக்கு எளிதில் மாறிக்கொள்ள முடியும்.

பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை. சாம்ப் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவினால் சர்வர், பிஎச்பி, தரவுத்தளம் மூன்றும் அந்த ஒரே கணினிக்குள் இயங்கும். ஒருமுறை பதிவிறக்கம் செய்துவிட்டால் இணையத் தொடர்பு இல்லாமலே பயிற்சி செய்யலாம். இணையச் சேவை சரியாக எட்டாத தோட்டப்புற வீடுகளில் இருந்து படிப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

அட்டவணை அமைப்பது எப்படி?

ஆலயத் திருவிழாவுக்கு உபயம் பதிவு செய்வதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் குடும்பத் தலைவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், உபய நாள், செலுத்திய தொகை என வரிசையாக எழுதுவது வழக்கம். ஒரே குடும்பம் ஆண்டுக்கு மூன்று உபயம் எடுத்தால் அதன் முகவரி மூன்று இடங்களில் இருக்கும். வீடு மாறியபோது ஓர் இடத்தில் மட்டும் திருத்தினால், அழைப்பிதழ் பழைய வீட்டுக்கே போகும்.

தரவுத்தளப் பாடம் இந்த நோட்டை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. குடும்பங்களுக்கு ஓர் அட்டவணை, உபய நாட்களுக்கு ஓர் அட்டவணை, எந்தக் குடும்பம் எந்த நாளை எடுத்தது என்பதற்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் தரப்படும். மூன்றாம் அட்டவணை அந்த எண்ணை மட்டுமே குறித்துக்கொள்ளும். முகவரி ஒரே இடத்தில் இருப்பதால் ஒருமுறை திருத்தினால் போதும்.

ஒரு நாளுக்கு ஒரு குடும்பம்தான் என்ற விதியையும் அட்டவணையிலேயே எழுதி வைக்கலாம். இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் ஒரே நாளைப் பதிவு செய்ய முயன்றால், இரண்டாவது பதிவைத் தரவுத்தளமே மறுத்துவிடும். திருவிழா நேரத்தில் எழும் மனத்தாங்கல் ஒன்று இதனால் தவிர்க்கப்படும்.

நம் பெயர், நம் அடையாள அட்டை, நம் மொழி

நம் நாட்டில் இந்தியர்களின் பெயரில் தன் பெயரும் தந்தை பெயரும் இருக்கும். இடையில் ஏ/எல் அல்லது ஏ/பி வரும். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று பலருக்குக் கிடையாது. மேல்நாட்டு மாதிரியைப் பார்த்து முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள் வைத்தால் தந்தையின் பெயர் மகளின் பெயராக மாறிவிடும். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைப்பதே நம் ஊருக்குப் பொருந்தும்.

அடையாள அட்டை எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2008-ல் பிறந்தவரின் எண் 08 என்று தொடங்கும். கணக்குக்குரிய எண்ணாக இதைச் சேமித்தால் முன்னால் உள்ள சுழியம் மறைந்து 11 இலக்கங்களே மிஞ்சும். தொலைபேசி எண்ணுக்கும் இதே கதிதான். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்களை எழுத்தாகச் சேமிக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளைச் சேமிக்கவும் தனிக் கவனம் தேவை. தரவுத்தளத்தின் எழுத்துரு முறை சரியாக அமைக்கப்படாவிட்டால் தமிழ்ப் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். யுனிகோட் முறையைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். முத்து என்ற பெயர் நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது ஆறு. பெயருக்கு ஒதுக்கும் இடத்தைத் தமிழுக்கு ஏற்பத் தாராளமாக வைக்க வேண்டும்.

பாதுகாப்பு

பக்கத்தில் வாசகர் தட்டச்சு செய்வதை அப்படியே எஸ்கியூஎல் கட்டளைக்குள் சேர்ப்பது பெரும் ஆபத்து. பெயர்க் கட்டத்தில் ஒருவர் பெயருக்குப் பதிலாகக் கட்டளையின் துண்டு ஒன்றை எழுதினால், தரவுத்தளம் அதையும் நிறைவேற்றி எல்லாருடைய விவரத்தையும் கொட்டிவிடக்கூடும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்று இதற்குப் பெயர். கட்டளையை முதலில் தயாரித்துவிட்டு, தட்டச்சு செய்ததைத் தனியாக அனுப்புவதே இதற்கு மருந்து. டி'குரூஸ் போன்ற பெயர்களில் வரும் மேற்கோள் குறியால் பக்கம் முறிந்துபோவதையும் இந்த முறை தடுக்கும்.

கடவுச்சொல்லை உள்ளபடியே சேமிக்கக் கூடாது. திரும்பப் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றியே சேமிக்க வேண்டும். இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. வாடிக்கையாளரின் விவரத்தைப் பாதுகாக்க வேண்டிய கடமையை அது வணிக நிறுவனங்கள் மீது சுமத்துகிறது.

எங்கே படிக்கலாம்?

அரசாங்கக் கல்விக்கூடங்களில் போலிடெக்னிக் முதன்மையானது. நாட்டின் முதல் போலிடெக்னிக்கான ஈப்போ உங்கு ஒமார் 1969-ல் தொடங்கப்பட்டது. குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளைச் சமூகக் கல்லூரிகள் நடத்துகின்றன. தொழில்திறன் வழியை விரும்புவோருக்கு எஸ்கேஎம் சான்றிதழ் உண்டு. அதிலிருந்து திறன் டிப்ளோமாவுக்கு உயரலாம். தனியார் கல்லூரிகளும் இந்தப் பாடத்தை நடத்துகின்றன. நுழைவுத் தகுதி இடத்துக்கு இடம் மாறும். கணிதத்தில் நல்ல தேர்ச்சி இருந்தால் வாய்ப்பு கூடும்.

தனியார் கல்லூரியில் பணம் கட்டும் முன் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட வேண்டும். கல்லூரியின் பெயர் இருப்பது மட்டும் போதாது. சேரப்போகும் படிப்பும் அதில் இருக்க வேண்டும். பிடிபிடிஎன் கடனுதவியும் மேற்படிப்பும் இந்த அங்கீகாரத்தைச் சார்ந்தவை.

நேரில் போகும்போது நான்கு கேள்விகளைக் கேட்கலாம். தரவுத்தளத்துக்குத் தனிப்பாடம் உண்டா? இறுதியாண்டுத் திட்டத்தை மாணவரே முழுமையாகச் செய்ய வேண்டுமா? தொழிற்பயிற்சிக்கு இடம் தேடித் தருவது யார்? முந்தைய மாணவர்கள் செய்த திட்டங்களைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்குக் கல்லூரி தரும் பதிலே அதன் தரத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் தேவையா?

சில நிமிடங்களில் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. நிரல் எழுதாமலே இணையத்தளம் அமைக்க வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களும் உள்ளன. வேர்ட்பிரஸ் இயங்குவதே பிஎச்பியிலும் மைஎஸ்கியூஎல்லிலும்தான். பக்கம் முறியும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது அடித்தளம் தெரிந்தவருக்கே புரியும். எந்தத் தகவலைச் சேமிக்கலாம், எதைச் சேமிக்கக் கூடாது, யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் மனிதரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தப் படிப்பில் ஆர்வம் உண்டா என்று அறிய விரும்பும் மாணவர், விண்ணப்பிக்கும் முன் ஒரு சிறு முயற்சி செய்து பார்க்கலாம். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையோ, அக்கம்பக்கத்து மளிகைக் கடையின் கடன் கணக்கையோ எடுத்துக்கொண்டு, எந்த விவரமும் இரண்டு இடங்களில் வராதபடி தாளில் அட்டவணைகளாகப் பிரித்துப் பார்க்கட்டும். அந்த வேலை பிடித்திருந்தால் இந்தப் பாடமும் பிடிக்கும்.