அணுயுகம் (தமிழ்நாடு)

அணுயுகம் என்பது அணுக்கருவின் ஆற்றல் போரிலும் தொழிலிலும் மருத்துவத்திலும் மக்களின் கற்பனையிலும் இடம்பிடித்த காலம். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த டிரினிட்டி சோதனையை அதன் தொடக்கமாகக் கொள்வது உலக வழக்கு. தமிழ்நாட்டுக்கு அந்தத் தேதி அவ்வளவாகப் பொருந்தாது. அணு உலைக்கென்று பின்னாளில் உலகம் தேடிய தனிமம் ஒன்று, குண்டு வெடிப்பதற்கு 30 ஆண்டுக்கும் முன்பே மணவாளக்குறிச்சியிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்தது. இங்கே அணுயுகம் மணலாக, விளக்காக, மருந்தாக, பட்டாசாக வந்து சேர்ந்தது. மின்நிலையமாக வந்தது கடைசியில்தான்.

மணவாளக்குறிச்சி மணல்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்குக் கிழக்கே உள்ள கடற்கரை ஊர் மணவாளக்குறிச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் மழையில் கரைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலையால் மீண்டும் கரையில் ஒதுங்குகின்றன. எடை மிகுந்த தாதுக்கள் தனியே படியும். இல்மனைட் கறுப்பாகவும் கார்னெட் சிவப்பாகவும் தெரியும். இவற்றுக்கிடையே மஞ்சள் கலந்த பழுப்பு மணிகளாகக் கிடப்பது மோனசைட்டு. இந்திய மோனசைட்டில் சுமார் 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடு உண்டு. அந்நாளில் சந்தையை ஆண்ட பிரேசில் மணலைவிட இது வளமானது.

தோரியத்துக்குத் தேவை எழுந்தது வெடிகுண்டுக்காக அல்ல, விளக்குக்காக. ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த மேன்டிலை உருவாக்கினார். நூல் பையைத் தோரியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். முதல் முறை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும். ஆக்சைடுக் கூடு மட்டும் நிற்கும். வாயுச் சுடரில் அது வெள்ளை வெளேரென ஒளிரும். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் இதனால் மாறின. மோனசைட்டின் விலை ஏறியது.

1909இல் சி. டபிள்யூ. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டறிந்தார். ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அது வந்த வழியைத் தேடி அவர் மணவாளக்குறிச்சியை அடைந்தார் என்று சொல்லப்படுகிறது.  விரைவில் இங்கே பிரிப்பாலை எழுந்தது. பிறகு கொல்லத்தை அடுத்த சவறையிலும் ஒன்று வந்தது. முதல் உலகப்போரில் ஷோம்பெர்க் கைதானார். தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. மின்விளக்கு பரவ மேன்டிலின் காலம் தேய்ந்தது. கறுப்பு இல்மனைட்டுக்கு வெள்ளைச் சாயத் தொழிலில் மதிப்பு ஏறியது. மோனசைட்டு பக்கவிளைபொருளாக ஒதுங்கிற்று.

தோரியம்-232 நேரடியாகப் பிளவுபடாது. ஒரு நியூட்ரானை விழுங்கி, இரு படிகளில் யுரேனியம்-233ஆக மாறிய பின்பே எரிபொருளாகும். இந்த உண்மை தெரிந்த பிறகு மணல் மறுபடியும் அரசியல் ஆனது. திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் இதன் மதிப்பை முன்னதாகவே உணர்ந்தவர். 1947 ஜூனில் தனிநாடு என்று அவர் அறிவித்ததற்குப் பின்னால் இருந்த துணிவில் இந்த மணலுக்கும் பங்கு உண்டு. பிரிட்டனோடு மோனசைட்டு விற்பனை ஒப்பந்தமும் செய்திருந்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் வெட்டப்பட்டார். சில நாளில் திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர இசைந்தது.

சுதந்திர இந்தியா மோனசைட்டு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1950 ஆகஸ்ட் 18 அன்று இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பதிவாயிற்று. 1952இல் ஆலுவாவில் அதன் ஆலை இயங்கத் தொடங்கியது. 1951இல் பஞ்சகால உதவியாக 20 லட்சம் டன் கோதுமை வாங்க இந்தியா அமெரிக்காவிடம் கடன் கேட்டபோது, பதிலுக்கு மோனசைட்டு கிடைக்குமா என்ற பேச்சு அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்தது. நேரு இணங்கவில்லை. 1953இல் இந்தியாவின் தோரியம் நைட்ரேட் போலந்துக் கப்பலில் சீனாவுக்குப் போனது தெரிந்ததும், கம்யூனிஸ்டு நாடுகளுக்குப் போர்ப்பொருள் விற்போருக்கு உதவியை நிறுத்தும் அமெரிக்கச் சட்டத்தில் விவகாரம் சிக்கிச் சில வாரம் தூதரகங்களைத் தூங்கவிடவில்லை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. மணவாளக்குறிச்சி மணலும் அன்றுதான் தமிழ்நாட்டு மணல் ஆனது.

இந்தக் கரையோரம் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த பகுதி. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த நெடுங்கால ஆய்வு, அங்கே புற்றுநோய் அதிகம் என்று காட்டவில்லை. 

அறிஞரும் அரசியலரும்

1948 ஆகஸ்டில் அமைந்த முதல் அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகியோரோடு மூன்றாமவராக இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1998 பொக்ரான் அணு ஆயுதச் சோதனையை முன்னின்று நடத்திய ஆர். சிதம்பரம் சென்னையில் பிறந்தவர்; அதில் அவரோடு நின்ற அப்துல் கலாம் ராமேசுவரத்துக்காரர்.

எதிர்ப்பக்கத்திலும் தமிழ்க்குரல் பெரிது. ராஜாஜி 1950களின் நடுவிலிருந்தே அணு ஆயுதச் சோதனைகளை எதிர்த்து எழுதிவந்தார். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்று வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு இந்தச் சந்திப்பே காரணம் என்று சொல்வது அதிகம். ஆனால் உள்ளூர் அரசியலில் நேருவை நாள்தோறும் சாடிய ஒருவர், அணுகுண்டு விஷயத்தில் நேருவின் நாட்டுக்காகத் தூது போனது குறிக்கத்தக்கது.

வேலூர் வட்டாரம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் பட்டையில் அணு அறிமுகமானது மருத்துவமனை வழியாக. கதிர்வீச்சு மருத்துவத்தை ஊர்மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் புற்றுநோய் மையம், நிறுவனர் ஐடா எஸ். ஸ்கடரின் உறவுமகளும் கதிரியல் மருத்துவருமான ஐடா பி. ஸ்கடரின் பெயரைத் தாங்குகிறது. சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் எழுந்த புற்றுநோய் நிலையத்துக்கு 1957இல் கோபால்ட்-60 கருவி வந்தது. கோபால்ட்-60 அணு உலையில் செய்யப்படும் பொருள். குண்டும் கதிர்மருத்துவமும் ஒரே அறிவியலின் பிள்ளைகள்.

இந்த வட்டாரத்தில் நஞ்சு என்றால் குரோமியம், பாலாற்றில் கலந்த தோல் கழிவுநீர். அணுவைப் பற்றி அஞ்சியவர்கள் குறைவு. ஆனால் தமிழ்நாட்டின் அணு வழக்குக்கு வாதம் தந்தது இந்தப் பாலாறுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் பதனிடும் ஆலை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், தீங்கு நேருமோ என்ற ஐயம் இருந்தாலே தடுப்பு வேண்டும், தீங்கில்லை என்று நிரூபிப்பது தொழில் நடத்துபவரின் பொறுப்பு என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த வழக்கிலும் அந்தக் கொள்கையே பேசப்பட்டது. 2013 மே 6 தீர்ப்பு நிலையத்தை அனுமதித்து, பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது.

வெகுமக்கள் பண்பாடு

மேலை நாடுகளில் அணுயுகம் ஒரு வடிவ வழக்காகவும் இருந்தது. 1958இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்காக, இரும்புப் படிகத்தை ஒன்பது கோளங்களாகப் பெருக்கி 102 மீட்டர் உயரத்தில் நிறுத்திய ‘அட்டோமியம்’ அதன் உச்சம். பிகினித் தீவில் 1946 ஜூலையில் குண்டு வெடித்த சில நாளில் பாரிசில் அறிமுகமான நீச்சல் உடை அந்தத் தீவின் பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டுக் கட்டடக் கலையில் இந்த அலைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சின்னம் இல்லை. எலெக்ட்ரான் சுற்றும் வட்டங்களின் படம் பாடநூலோடு நின்றது.

இங்கே அணுயுகம் இடம்பிடித்தது சிவகாசியின் பட்டாசில். ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். பட்டாசு ஆலைகள் 1940க்குப் பிறகு பெருகின. அங்கே செய்யப்படும் ‘அணுகுண்டு’ வெடிக்குள் அணுக்கரு எதுவும் பிளவுபடுவதில்லை. அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்புக் கலவையைக் காகிதக் கூட்டில் அடைத்து, மேலே சணலை இறுக்கிச் சுற்றிப் பச்சை நிறம் ஏற்றித் திரி வைப்பார்கள். சணல் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஓசை. அமெரிக்க, சோவியத் சோதனைகள் அணுகுண்டிலிருந்து ஹைட்ரஜன் குண்டுக்கு ஏறியதுபோலவே, கடைப்பலகையிலும் அணுகுண்டுக்கு மேலே ‘ஹைட்ரோ பாம்’ வந்து அமர்ந்தது. லட்சுமி வெடியும் குருவி வெடியும் அவற்றின் கீழ் வரிசையில் இருந்தன. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் ஓசை கூடாது என்று 1999இல் விதி வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, வெடிக்கும் நேரத்தையும் குறுக்கியது.

பெட்ரோமாக்ஸ் விளக்கு தோரியத்தை வீட்டுக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுவந்தது. கல்யாணத்திலும் கூத்திலும் தலைச்சுமையாக வந்த அந்த வெளிச்சம் வெல்ஸ்பாக்கின் மேன்டில்தான். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்தில் மேன்டிலைக் கசக்கிவிடும் காட்சி தமிழர் அனைவருக்கும் மனப்பாடம். தமிழ்த் திரையில் தோரியம் ஆக்சைடுக்குக் கிடைத்த மிகப் பெரிய வேடம் அதுவே.

விண்வெளி மனிதரைக் காட்டிய முதல் தமிழ்ப்படம் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’ (1963). களவுபோன அணு ஏவுகணையை மீட்கும் கதை சுஜாதா எழுதிய ‘விக்ரம்’ (1986). குறளின் பெருமை பேசும் ஔவைப் பாடலைக் காட்டி, அணுவைப் பிளக்கும் வித்தை தமிழருக்கு முன்பே தெரியும் என்று மேடையில் முழங்குவதும் இந்த யுகம் தந்த பழக்கமே.

மின்நிலையங்கள்

கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983 ஜூலையிலும் இரண்டாவது 1985 ஆகஸ்டிலும் இயங்கத் தொடங்கின. 1985 அக்டோபரில் அங்கே வேக ஈனுலை ஒன்றும், 1996இல் யுரேனியம்-233ஆல் இயங்கும் 30 கிலோவாட் ‘காமினி’ உலையும் செயல்படத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நீர் புகுந்ததும் இரண்டாம் அலகு நிறுத்தப்பட்டது. ராஜீவ் காந்தி–கோர்பச்சேவ் 1988 ஒப்பந்தத்தில் பிறந்த கூடங்குளத்தின் முதல் அலகு, இடிந்தகரை மக்களின் நெடிய போராட்டத்துக்குப் பின் 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைந்தது. இரண்டாவது 2017 மார்ச்சில் வணிக உற்பத்திக்கு வந்தது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணியை 2024 மார்ச்சில் தொடங்கினர்.