ஈரோட்டு மஞ்சளும் மூளையின் முதுமையும்

பவானி ஆற்றில் 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்பவர் அணை கட்டி வாய்க்கால் வெட்டினார். அந்த வாய்க்கால் கரையில் இன்றும் மஞ்சள் விளைகிறது.

ஒன்பது மாதப் பயிர். தோண்டிய கிழங்கை வேகவைத்து, களத்தில் காயவைத்து, உருளையில் போட்டுச் சுற்றினால் தோல் உரிந்து மெருகு ஏறும். விரலி தனியாக, கிழங்கு தனியாக ஏலத்துக்குப் போகும். வியாபாரி ஒரு விரலியைப் படக்கென்று ஒடித்து உள்நிறம் பார்ப்பார். பாதி பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

அந்த நிறத்தைத் தருவது குர்குமின். ஐரோப்பிய வேதியியலாளர்கள் 1815இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். மஞ்சளால் புண்ணை ஆற்றும் வித்தைக்கு அமெரிக்கா 1995இல் காப்புரிமையே கொடுத்தது! இந்திய அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடியதில் 1997இல் அது ரத்தானது.

பிறகு குர்குமின் ஆய்வாளர்கள் மூளைக்கு வந்தார்கள். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வயது ஏற ஏற ஆக்சிஜனேற்றச் சேதமும் அங்கே சேர்கிறது. 2001இல் கலிஃபோர்னியாவில் அல்சைமர் மறதிநோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் குர்குமின் கொடுத்தபோது அந்தச் சேதம் குறைந்தது. மனிதர்களிடம் கதை வேறு. 2012இல் வெளியான 24 வாரச் சோதனையில் அல்சைமர் நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை. குர்குமின் ரத்தத்தில் சேர்வதே சொற்பம். மிளகிலுள்ள பைப்பரின் அதைக் கூட்டும் என 1998இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியிருந்தது.

ஆய்வகம் இழுபறியில் இருக்க, ஈரோடு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது.