போர் விட்டுப்போன லாரியும் ஒரு செப்புக் குழாயும்



இரண்டாம் உலகப் போரைப் பல ஆண்டுகள் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். ஹிட்லர், பேர்ல் துறைமுகம், ஹிரோஷிமா எல்லாம் கரும்பலகையில் வந்தன. அந்தப் போர் மதுரைக்கு வந்த கதையை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். இத்தனைக்கும் அது எங்கள் தெருவிலேயே பழைய மிலிட்டரி லாரியாக நின்றது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அடுத்த மாதம், பின்வாங்கிய பிரிட்டிஷார் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்தார்கள். அங்கிருந்து நமக்கு வந்த எண்ணெய் நின்றது. இருந்த பெட்ரோல் முதலில் ராணுவத்துக்குப் போனது. பஸ்களுக்கு அளந்துதான் கிடைத்தது. அதனால் கரியில் பஸ் ஓட்டினார்கள். குறைந்த காற்றில் கரியை எரித்து, வரும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி எஞ்சினுக்குள் விடுவார்கள். இழுவை குறையும், ஆனாலும் வண்டி ஓடும். நம்ம ஊர் டி.வி.எஸ். நிறுவனமும் அந்தக் கருவியைத் தயாரித்தது.

1945இல் போர் முடிந்தது. ராணுவத்துக்கு மிஞ்சிய லாரிகள் விற்பனைக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்பார்கள். போருக்காகக் கனடாவில் மட்டும் ஃபோர்டு, செவர்லே ஆலைகள் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்திருந்தன. அவற்றில் பலவற்றுக்கு முன் கண்ணாடி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெயிலில் மின்னி, மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். அப்பா ஓட்டிய விறகு லாரிக்கும் அதே கண்ணாடிதான். எங்கோ மோதிக் கோணலாகிவிட்டது என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன்.

1970 வாக்கில் ஒரு கோடை. உசிலம்பட்டியிலிருந்து விறகேற்றி வரும்போது, செக்கானூரணி பக்கம் வண்டி திணறித் திணறி நின்றது. வெயிலில் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது என்று, பம்ப் மேல் ஈரச்சாக்கைப் போட்டுப் பார்த்தார் அப்பா. பலனில்லை. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் செப்புக் குழாயைக் கழற்றினார். நன்றாகக் காயவைத்து, வாளித் தண்ணீரில் முக்கினார். "ஒரு நுனியை நல்லா பொத்திக்கடா" என்று சொல்லி, மறுநுனியில் ஊதினார். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். நடுவில் முடி போன்ற ஒரு விரிசலிலிருந்து குமிழி கிளம்பியது.

"ஒழுகுற ஓட்டையைக் கண்ணு பார்த்துரும். உறிஞ்சுற ஓட்டையை நாமதான் தேடணும்" என்றார்.

அந்தப் பக்கத்தில் பம்ப் பெட்ரோலை இழுக்கிறது. அதனால் விரிசல் வழியாகப் பெட்ரோல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ரப்பர் டியூபைச் சுற்றினால் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். சோப்பை அப்பினால் வீடு வரை வரலாம், அவ்வளவுதான். அப்பா விரிசல் விட்ட துண்டை அறுத்து எறிந்தார். புதுத் துண்டை லாரிக்கு எட்டத்தில் வைத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். இரும்பு அப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். பிறகு நுனிகளைப் புனல்போல் விரித்து, யூனியன் போட்டு முடுக்கினார். எஞ்சின் அதிர்வில் செம்பு இறுகி மறுபடி வெடிக்காதிருக்க, குழாயில் ஒரு சுருளும் விட்டார். அந்த லாரி அதன் பிறகும் பல வருடம் ஓடியது.

அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு.

அவர் மகனான நான்தான், வீட்டுப்பாடம் எழுதாத பையன்களிடம், "நீ லாரிப் பட்டறைக்குத்தான் லாயக்கு" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. அதைக் கேட்ட பிள்ளைகளில் சிலர் இன்று பட்டறை நடத்துகிறீர்கள். நான் சொன்னது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்போசல் வண்டி ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நான் நடத்தாமல் விட்ட பாடம் அவர்களிடம் இருக்கிறது.