இந்திரஜித் குமாரசுவாமியும் தாமதித்து வந்த சட்டமும்

1923இல் ஜெர்மானியரின் சேமிப்பெல்லாம் வெறும் கடதாசியாகிப் போனது. அரசாங்கம் கேட்டவுடன் பணம் அச்சிட்டுக் கொடுக்காத மத்திய வங்கியொன்று வேண்டும் என்பதே அதிலிருந்து அந்நாடு கற்ற பாடம். 1957இல் புண்டஸ்பாங்க் அவ்வாறே அமைக்கப்பட்டது. அதே கொள்கையை இலங்கையில் சட்டமாக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர் என்பதை நம்மவர் பலர் அறியார்.

கலாநிதி இந்திரஜித் குமாரசுவாமி கேம்பிரிட்ஜில் கற்றவர். இலங்கை ரக்பி அணிக்குத் தலைமை தாங்கியவர். 1970களிலும் 80களிலும் மத்திய வங்கியில் பணியாற்றிய பின் பொதுநலவாயச் செயலகத்திற்குச் சென்றார். பிணைமுறிச் சர்ச்சையால் வங்கியின் நற்பெயர் குலைந்திருந்த வேளையில், 2016 ஜூலையில் அதன் ஆளுநரானார். வங்கிக்குச் சுதந்திரம் தரும் சட்டவரைவு அவர் காலத்தில், 2019இல், தயாரானது. அவ்வாண்டின் இறுதியில் ஆட்சி மாறியது, அவரும் விடைபெற்றார், வரைவு கிடப்பில் போடப்பட்டது.

வரிகள் குறைக்கப்பட்டன, பற்றாக்குறையை நிரப்பப் பணம் அச்சிடப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. நெருக்கடிக்குக் காரணங்கள் பல. ஆயினும் வீரமுனையில் வயல் செய்பவரும் கல்முனைச் சந்தையில் மீன் விற்பவரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், கையில் இருக்கும்போதே பெறுமதி இழந்தது.

அரசாங்கத்திற்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் 2023இல்தான் நிறைவேறியது. அந்த நான்காண்டுத் தாமதத்திற்கான விலையை, வரைவைக் கிடப்பில் போட்டவர்களைவிட இந்த எளிய மக்களே அதிகம் செலுத்தினர் என்பேன்.