பங்கோர் போகிறீர்களா? கோட்டையையும் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் சிலிபினிலிருந்து பலரும் லூமுட் போய் ஃபெர்ரி ஏறிடுவாங்க. தெலுக் நீப்பாவில் கடல் குளியல், இருவாச்சிப் பறவை, அத்தோடு சரி. மாணவர்களே, தெலுக் கெடோங்கிலும் கொஞ்சம் நில்லுங்கள். பேராக் ஈய வணிகத்தைக் கையில் வைத்துக்கொள்ள 1670-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. இப்போது நிற்பவை பின்னாளில் சீரமைத்த சுவர்கள்.

ஈயத்துக்கான சண்டைதான் 1874 ஜனவரி 20 பங்கோர் ஒப்பந்தத்துக்கும் வழிவிட்டது. தேர்வில் பலர் 'தீவில் கையெழுத்தானது' என்று எழுதிடுறாங்க. இல்லை, தீவை ஒட்டி நின்ற 'புளூட்டோ' கப்பலில்! சுல்தான் இஸ்மாயில் அங்கு வரவே இல்லை. ராஜா அப்துல்லாவை சுல்தானாக ஏற்றார்கள். சமயம், மலாய் வழக்கம் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் சொல்வதைக் கேட்டாக வேண்டும். இது முக்கியம், மனசில வைங்க.

நீங்கள் குளிக்கும் அந்தக் கடற்கரையோ 1935-இல்தான் பேராக்கிடம் திரும்பியது. அதுவரை டிண்டிங்ஸ் என்ற பெயரில் பிரிட்டிஷாரிடம் இருந்தது.