ஏலாக்குறிச்சியும் எழுத்து மாற்றமும்

கொள்ளிடத்தின் வடபால், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அமைந்தது ஏலாக்குறிச்சி. முன்னர்ப் பெரம்பலூர் மாவட்டத்துள் அடங்கியிருந்த இவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடியவர் வீரமாமுனிவர் (1680–1747). அவர் பெயரால் வழங்கும் எழுத்து மாற்றத்தை ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பிய நெறியில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற்றன. புள்ளியில்லா வடிவமே நெடில். முனிவர் நெறியிலோ புள்ளி நீங்கிற்று. வெறும் வடிவம் குறிலாயிற்று. நெடிலுக்குக் கீழிழுப்பும் சுழியும் தனிக்குறிகளாயின. இதனை வடிவ மாற்றம் என்றொழிதல் போதாது என்பது எம் கருத்து. எ என்னும் அதே கோடு முன்பு ஏகாரத்தையும் பின்பு எகரத்தையும் உணர்த்துகின்றது. வடிவம் நின்றது; மதிப்புத் தலைகீழாயிற்று.

ஏட்டில் எழுதுவோர் ஓலை கிழியும் என அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். எனவே ‘கொடு’ என ஏட்டில் நிற்பது கொடுவோ கோடோ என்பது இடம் நோக்கியே துணியப்படும். காலும் ரகரமும் ஒரு வடிவினவாய் நிற்பின் ஐயம் பின்னும் மிகும். இத்தகைய ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் ஒரே விதி கொண்டு முழுவதையும் மாற்றிவிட முடியாது.

பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்டு, தமிழக அரசு 1978-இல் ஏற்ற சீர்திருத்தம் இதனின் வேறு. ஆங்கே ணை, லை, றா போல்வன புதுவடிவு பெற்றன, ஒலிமதிப்பு மாறவில்லை.

இவ்வேறுபாடு கணினியில் ஆய்வேடு எழுதுவார்க்கும் உரியது. ஒருங்குறி எழுத்துருக்கள் இரண்டனுள் ஒன்றை நீக்கி மற்றொன்றை இடுதல் 1978-இன் மாற்றம் போன்றது; சொற்செயலியில் ஆவணம் முழுவதையும் தெரிந்து ஒருமுறையில் மாற்றலாம். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களோ உரோமன் எழுத்துக்குரிய குறியெண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றியவை. ஆங்கு எழுத்துருவை மட்டும் மாற்றின், தமிழ் மறைந்து பொருளற்ற உரோமன் எழுத்துக்களே எஞ்சும். குறியெண்ணையே மாற்றுதல் வேண்டும். அதுவும் ஒன்றுக்கொன்றாக அமையாது. பழைய முறையில் கொம்பு மெய்க்கு முன் நிற்கும். ஒருங்குறியிலோ பின் நிற்கும். ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் ஒருங்குறியில் ஒரே குறியாகச் சேரும்.

ஆங்கில மேற்கோள் விரவிய ஆய்வேட்டில் இன்னும் ஓர் இடர் உண்டு. முழுவதையும் ஒருசேர மாற்றின் அம்மேற்கோள்களும் தமிழ்க்குறிகளாய்ச் சிதையும். ஆதலின் எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் உள்ளது என முதலில் பிரித்தறிந்து, பழைய எழுத்துருவில் நிற்பனவற்றை மட்டும் மாற்றி, எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் மூலத்தோடு ஒப்புநோக்குதல் வேண்டும்.