மணலெழுத்தும் எழும்பூர்ப் பள்ளியும்

தமிழகத்துக் கிறித்தவத் தொடக்கப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர், கையால் செய்து கற்கும் முறை அப்பள்ளிகளின் வாயிலாகவே மேலைநாட்டிலிருந்து இந்நாட்டிற்கு வந்தது என்று கூறுதல் வழக்கம். தையலும் தச்சும் போன்ற கைப்பணிப் பாடங்களைப் பொறுத்தவரை இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், கல்வியின் முதற்படியாகிய எழுத்தறிவைப் பொறுத்தவரை வரலாறு இதற்கு மாறாகவே அமைந்துள்ளது. செய்து கற்கும் முறையொன்றைக் கிறித்தவப் பள்ளி நம் திண்ணைப்பள்ளியிடமிருந்து பெற்றது; பெற்றதைக் கடல் கடந்தும் கொண்டு சென்றது. அங்ஙனம் கொண்டு செல்லப்பட்டபொழுது சென்றது எது, விடுபட்டது எது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

திண்ணைப்பள்ளியில் சேர்ந்த பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் ஏடும் எழுத்தாணியும் தருவதில்லை. தரையில் மணலைப் பரப்பி, ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தின் வடிவை வரைவிப்பார். விரல் வரையும்பொழுதே வாய் அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்லும். பிழை நேரின் உள்ளங்கையால் மணலை நிரவி மீண்டும் எழுதலாம்; ஓலையும் பாழாவதில்லை. தமிழில் 'எழுத்து' என்னும் சொல் ஒலியையும் வரிவடிவையும் ஒருங்கே குறிப்பது. அவ்விரண்டும் ஒரே கணத்தில் பிள்ளையின் வசமாகும் இடம் மணலே என்று கூறலாம்.

இம்முறை தமிழகத்திற்கு மட்டுமே உரியதன்று. இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டு இக்கேரியில் சிறுவர் சிலர் தரை மணலில் விரலால் எழுதி, இசையோடு சொல்லி, கணக்குப் பயின்றதைக் கண்டு பதிவு செய்துள்ளார். அவர்களருகே ஆசிரியர் இல்லை; ஒருவர்க்கொருவர் துணையாகத் தாமே பயின்றனர் என்பதும் அவர் குறிப்பால் விளங்கும். இக்குறிப்பு பின்னர் நமக்குப் பயன்படும்.

கிறித்தவத் தொண்டருள் மணலெழுத்தை முதலில் பயின்றவராக நாம் தெளிவாக அறிவது சீகன்பால்கு ஐயரை ஆகும். 1706 சூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவரோடு தம் இல்லத்திற்கு வரவழைத்து, சிறுவர் நடுவே தரையில் அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துக் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்கும் பிள்ளையாக அமர்ந்தமை கருதத்தக்கது.

இனி எழும்பூருக்கு வருவோம். இசுகாட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு நகரிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு 1787இல் சென்னையை அடைந்தார். 1789இல் எழும்பூர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரரின் ஆதரவற்ற புதல்வர்க்கென ஏற்பட்டது அந்நிலையம். அவருட் பலர் இந்நாட்டுத் தாய்மார் வயிற்றிற் பிறந்தவர். அது காரணமாகவே அறிவிற் குறைந்தவர் என்று அவர்களை இகழ்ந்த எண்ணம் அக்காலத்திற் பரவியிருந்தது.

ஒருநாட் காலை குதிரைமீது சென்ற பெல், 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் சிறுவர் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதக் கண்டார். தமிழரை 'மலபார்' என்று குறிப்பது அந்நாளைய ஐரோப்பியர் வழக்கு. உடனே தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த முற்பட்டார். கீழ்வகுப்பு ஆசிரியர் இம்முறையில் எழுத்துக் கற்பித்தல் இயலாது என்று மறுத்தார். ஆகவே பெல் அவ்வகுப்பை எட்டு வயதினனான சான் பிரிசுகன் என்னும் படைவீரர் மகனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர் இயலாது என்றதைச் சிறுவன் செய்து முடித்தான். இகழப்பட்ட பிள்ளைகளுள் ஒருவனே கற்பித்தற்கும் வல்லன் என்பது இதனாற் புலப்பட்டது. எழும்பூர் நிகழ்ச்சியின் உண்மையான பயன் இதுவே என்பது நம் துணிபு.

1796இல் நாடு திரும்பிய பெல், 1797இல் இச்சோதனையைப் பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். மணலெழுத்தைத் தமிழ்ப்பள்ளியிற் கண்டதாக அவரே ஒப்புகின்றார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையோ தம் கண்டுபிடிப்பாகவே கொண்டார். நம் திண்ணைப்பள்ளியில் அப்பணியைச் செய்தவன் சட்டாம்பிள்ளை. இக்கேரிச் சிறுவர் பயின்ற முறையும் முன்னர்க் காட்டப்பட்டது. பெல் சட்டாம்பிள்ளையை நேரிற் கண்டு மேற்கொண்டார் என்று துணிதற்குச் சான்று இல்லை; எனினும் அம்முறை அவர்க்கு முன்னரே இந்நாட்டில் வழங்கியது என்பதில் ஐயமில்லை. கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்களும் 1814இல் வங்காளத்திற்கு விடுத்த மடலில், இந்நாட்டுக் கற்பிக்கும் முறையே பெல்லின் வழியாக இங்கிலாந்திற் புகுத்தப்பட்டது என்று குறித்துள்ளனர்.

இங்கிலாந்தில் இது 'சென்னை முறை' என்று பெயர் பெற்றது. ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக 1811இல் ஏற்பட்ட திருச்சபைசார் தேசியக் கழகம் இதனை மேற்கொண்டது. ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்கலாம் என்பதே அங்குப் பெரிதாகப் பாராட்டப்பட்டது. சிக்கனம் முதன்மை பெறவே, கற்பித்தல் கட்டளைக்கு இயங்கும் பயிற்சியாய் இறுகியது. மணல்தட்டு சென்றது, பிள்ளையின் விரலைப் பிடித்த ஆசிரியரின் கை செல்லவில்லை. 1846இல் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தபின் சென்னை முறை படிப்படியாக வழக்கொழிந்தது. செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் பெல்லின் கொடையால் எழுந்த 'மெட்ராஸ் கல்லூரி' என்னும் பள்ளி மட்டும் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

இவ்வாறு கூறுவதால் திண்ணைப்பள்ளி குறையற்றது என்பது நம் கருத்தன்று. பிரம்பும் பொருளுணராத மனப்பாடமும் அங்கு இருந்தன. மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்து 12,498 பள்ளிகளிற் பயின்ற 1,88,650 மாணவருள் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. தீண்டாமைக்கு ஆட்பட்டோர்க்கும் அத்திண்ணை எளிதில் இடந்தரவில்லை. தரங்கம்பாடித் தொண்டர்களோ 1707இலேயே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினர். முறை திண்ணையிற் பிறந்தது. அதனைப் பெற இயலாதிருந்த பிள்ளைகளிற் சிலர்க்கேனும் வாயிலைத் திறந்தது கிறித்தவப் பள்ளி. இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் உரைப்பது வரலாறு ஆகாது.

கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்னும் வழக்கில் நம் ஆராய்ச்சிகள் பெரிதும் நின்றுவிடுகின்றன. எழும்பூர்ப் பள்ளியின் பதிவுகளையும் தரங்கம்பாடி மடல்களையும் நம் பழம்பள்ளிச் சுவடிகளோடு ஒருசேர வைத்து ஆராயும் இளைஞர், மணலில் எழுதிய பிள்ளை யாது பெற்றது என்னும் வினாவையும் உடன் எழுப்புவாராக.